அயலார் வைத்த பள்ளியும் கல்முனைக் கரையும்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீளும் கடற்கரையில் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை எனத் தெற்கு நோக்கிச் செல்பவன், முஸ்லிம் ஊர் முடிந்து தமிழூர் தொடங்கும் இடத்தைப் பள்ளிவாசலையும் கோயிலையும் கண்டே அறிந்துகொள்ளுவான். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டும் தூரம் வரை வயல். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழே. தாய்வழிக் குடிமுறையும் இரு சாராரிடத்தும் உண்டு. இத்துணை நெருக்கமாக வாழ்ந்த இவ்விரு சமூகத்தாரும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஒரு விடயத்தில் வெவ்வேறு வழிகளில் நடந்தனர். அயலார் கொண்டுவந்த பாடசாலையை ஒரு சாரார் தயக்கத்தோடேனும் ஏற்றுக்கொண்டனர். மறு சாரார் நெடுங்காலம் அதன் வாயிலை அணுகாது நின்றனர். அதன் விளைவுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்கரையில் உணரப்பட்டன. ஆதலின் அத்தயக்கத்தின் காரணம் யாது, அதனை நீக்கும் வழி வேறெங்கேனும் காணப்பட்டதா என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

பாடசாலை என்னும் பெயரோடு ஐரோப்பியர் வருமுன் இக்கரையில் எழுத்தறிவே இருக்கவில்லை எனக் கருதுதல் தவறு. தமிழூர்களில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. முஸ்லிம் ஊர்களில் ஓதப்பள்ளி இருந்தது. ஓதப்பள்ளியில் லெப்பை குர்ஆன் ஓதக் கற்பித்தார். அரபு எழுத்தைக் கற்ற பிள்ளை, அவ்வெழுத்தாலேயே தமிழை எழுதும் அரபுத் தமிழையும் கற்றுக்கொண்டது. மார்க்க நூல்கள் பலவும் கடிதப் போக்குவரத்தும் அவ்வெழுத்தில் நிகழ்ந்தன. எனினும், அரசாங்கக் கந்தோரின் மொழி ஆங்கிலமாக இருந்தமையால், ஓதப்பள்ளியிற் கற்றுத் தேறியவன் அரசாங்கத்தின் கணக்கில் எழுத்தறியாதவனாகவே கருதப்பட்டான்.

1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்தனர். அவர்களின் தலைவரான தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே மாண்டார். அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்பவருக்கு மட்டக்களப்பு ஒதுக்கப்பட்டது. அவருடைய மனைவியும் கப்பலிலேயே இறந்துபோயினர். தன்னந்தனியராய் வந்திறங்கிய ஓல்ட், 1815 ஏப்ரலில், வந்து ஓராண்டு நிறையுமுன்னரே, நோயால் உயிர்நீத்தார். அக்குறுகிய காலத்துள் அவர் இட்ட வித்தே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முன்பின் அறியாத நாட்டின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முற்பட்ட அம்மனிதரின் அர்ப்பணிப்பை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் அவர் வந்த நோக்கம் எழுத்தறிவித்தல் மட்டுமன்று என்பதை அவரே மறைத்தவரல்லர்.

1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டது. பாடசாலை நடத்துவோர்க்கு அரசு நன்கொடை வழங்கும் முறையும் அதனைத் தொடர்ந்து விரிவடைந்தது. கட்டடமும் பணமும் ஆங்கிலம் அறிந்த ஆசிரியரும் மிஷன்களிடமே இருந்தமையால் நன்கொடையின் பெரும்பகுதி அவற்றையே சென்றடைந்தது. கல்முனையில் 1883இல் வெஸ்லியன் மிஷனின் பாடசாலை தோன்றியது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்றே பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரிக்குச் சென்றான். அச்சிறுவனே பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். மிஷன் பாடசாலையிற் படித்த சைவச் சிறுவன் துறவியாகிச் சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகள் அமைத்தமை, மதம் மாற்றும் நோக்கம் எப்போதும் நிறைவேறியதில்லை என்பதற்கு நல்ல சான்று. ஆனால் பிள்ளையை அனுப்புவதா இல்லையா எனத் தீர்மானிக்க வேண்டியிருந்த தந்தைக்கு இப்பிற்கால வரலாறு தெரிந்திருக்க வழியில்லை.

முஸ்லிம் தந்தையின் முன் நின்ற தெரிவு கடுமையானது. மிஷன் பாடசாலையின் நாள் வேதபாடத்தோடும் செபத்தோடும் தொடங்கியது. ஆசிரியரிற் பலர் மிஷனின் போதகப் பணியிலும் ஈடுபட்டவர்கள். பிள்ளை ஆங்கிலம் கற்றால் எழுதுவினைஞன் ஆகலாம். ஆனால் கலிமாவை இழந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோரை வாட்டியது. அவ்வச்சத்தை அறியாமை என்றும் பிற்போக்கு என்றும் அக்காலத்து அதிகாரிகள் எளிதாகத் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பு நேர்மையானதன்று. விற்பவன் எழுத்தையும் சமயத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டி வைத்திருக்கும்போது, சமயத்தை வேண்டாதவன் எழுத்தையும் விட்டுச் செல்வது இயல்பே. பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இத்தெரிவு இன்னும் இறுகியிருந்தது. அவர்கள் ஓதப்பள்ளியோடு நின்றுவிட்டனர். ஒரு தலைமுறையின் தாய்மார் எழுத்தறியாது போனபோது அடுத்த தலைமுறையின் பிள்ளைகளும் அதன் விலையைச் செலுத்தினர்.

இந்நிலையைக் கண்டு மனம் வருந்தியவர் கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை. வழக்கறிஞரான அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வியும் பெண்கல்வியும் மார்க்கத்திற்கு முரண் அல்ல என இடைவிடாது எழுதினார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒறாபி பாஷா அவருக்குப் பெருந்துணையானார். அரசுக்கெதிராக எழுந்தவர் என ஆங்கிலேயராற் கொண்டுவந்து விடப்பட்ட ஒருவர், அவர்களின் ஆட்சிக்குட்பட்ட தீவிலேயே பாடசாலை அமைக்க ஊக்குவித்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இம்முயற்சிகளின் பயனாக 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிறா தோன்றியது. ஆனால் கொழும்பு கல்முனையிலிருந்து வெகுதொலைவில் இருந்தது. அக்காலத்துப் பாதைகளையும் வயலோடு பிணைந்த குடும்பங்களின் வருமானத்தையும் எண்ணுகையில், கிழக்குக் கரைப் பிள்ளைக்கு ஸாஹிறாவும் ஏறத்தாழ வெளிநாடே.

அயலார் நடத்தும் பாடசாலை என்றால் மதமாற்றம் என்றுதான் பொருளோ? உலகின் பிற பகுதிகளில் அவ்வாறல்லாத சில முயற்சிகளும் நிகழ்ந்தன. அவற்றுள் குவேக்கர் என அழைக்கப்படும் சிறு கிறிஸ்தவக் குழுவினரின் பணி தனித்து நோக்கற்பாலது.

குவேக்கர் இயக்கம் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. நண்பர் சங்கம் என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். அவர்களிடையே குருமார் இல்லை. வழிபாடு என்பது கூடியிருந்து மௌனம் காத்தலே. உள்ளத்தில் ஏதேனும் உணர்த்தப்பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து பேசலாம். போரில் பங்குகொள்ளார், சத்தியப் பிரமாணம் செய்யார். குருத்துவம் இன்மையும் எளிமையும் இஸ்லாமிய வாசகருக்கு ஓரளவு பழக்கமான பண்புகளாகத் தோன்றக்கூடும். ஒப்புமையை அதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. ஆங்கிலத் திருச்சபையின் பிரமாணங்களை ஏற்க மறுத்தமையால் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தன. நம்பிக்கையைக் காரணமாகக் காட்டிக் கல்விவாயில் அடைக்கப்படும்போது உண்டாகும் வேதனையை அவர்கள் தம் அனுபவத்தால் அறிவர். 1779இல் யோர்க்ஷயரில் அக்வேர்த் என்னுமிடத்தில் ஆண், பெண் இருபாலாருக்கும் அவர்கள் பாடசாலை நிறுவினர்.

குவேக்கர் கல்வி வரலாற்றில் தமிழர்க்கு நெருங்கிய ஓர் அத்தியாயமும் உண்டு. சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் மேற்பார்த்து வந்த அன்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றைக் கண்டார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தான். நம் சட்டாம்பிள்ளை முறையே அது. பெல் அதனைத் தம் விடுதியிற் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 1798இல் லண்டனின் ஏழைப் பகுதியொன்றில் பாடசாலை தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளம் குவேக்கர் அத்தகைய முறையையே வளர்த்தெடுத்து, ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கற்க வழிசெய்தார். பெல்லின் ஆதரவாளர்கள் திருச்சபையின் வினாவிடைப் போதனையை வற்புறுத்தினர். லங்காஸ்டரோ எச்சபைப் பிள்ளையாயினும் வரலாம் என்றார். அவர் பாடசாலையில் வேதாகமம் வாசிக்கப்பட்டதேயன்றி எச்சபையின் கோட்பாடும் திணிக்கப்படவில்லை. இதுபற்றி இங்கிலாந்தில் பெரும் வாதம் எழுந்தது. தென்னிந்திய, இலங்கை மிஷன் பாடசாலைகளும் இம்முறையைக் கையாண்டன. திண்ணையிலிருந்து புறப்பட்ட முறை கடல் கடந்து சென்று, ஆங்கிலப் பெயர் சூடித் திண்ணைக்கே திரும்பி வந்தது எனலாம். லங்காஸ்டரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. பிரம்படியை வெறுத்த அவர், குற்றஞ்செய்த சிறுவனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டுப் பிறர் நகைக்கச் செய்தார். பின்னர்க் கடன்பட்டு, சொந்தச் சங்கத்தாரோடும் பிணங்கி, அமெரிக்கா சென்று 1838இல் நியூயோர்க் வீதியில் வண்டி மோதி இறந்தார்.

இக்கட்டுரைக்கு மேலும் நெருக்கமான உதாரணம் பலஸ்தீனத்து ரமல்லாவில் உண்டு. 1869இல் அமெரிக்காவைச் சேர்ந்த எலி ஜோன்ஸ், சிபில் ஜோன்ஸ் என்னும் குவேக்கர் தம்பதியர் அவ்வூருக்கு வந்தனர். அங்கே ஓர் இளம்பெண் அவர்களை அணுகிப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் எனக் கேட்டாள். கற்பிப்பவர் யார் என்று அவர்கள் வினவ, நானே கற்பிப்பேன் என அவள் விடையளித்தாள் என்பர். சிறு பகற்பள்ளியாகத் தொடங்கிய அது 1889இல் பெண்கள் விடுதிப் பாடசாலையாக வளர்ந்தது. ஆண்கள் பாடசாலை 1901இல் உருவானது. இங்கும் கிறிஸ்தவப் போதனை இல்லாமலில்லை. குவேக்கரும் மிஷனரிமாராகவே சென்றனர். ஆயினும் கேட்டவள் உள்ளூர்ப் பெண், கற்பிக்க முன்வந்தவளும் உள்ளூர்ப் பெண் என்பது தொடக்கத்திலேயே பாடசாலையின் திசையை ஓரளவு வகுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்கள் காலத்துக்குக் காலம் வந்து சிலவாண்டு பணியாற்றித் திரும்பினர். ஆண்கள் பாடசாலையின் தலைமை 1927இல் ரமல்லாவிலேயே பிறந்த கலீல் தோத்தாவின் கைக்கு வந்தது. ஊரின் அமைப்பு மாற மாற, கிறிஸ்தவரோடு முஸ்லிம் மாணவரும் பெருமளவில் அங்கு சேர்ந்தனர்.

குவேக்கர் மரபில் தொண்டுக்குச் செல்பவர் தம் விருப்பத்தின்படி உடனே புறப்பட்டுவிட இயலாது. தம் உள்ளத்தில் எழுந்த தூண்டலைச் சங்கத்தாரின் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். மூத்தோர் அதனைப் பலநாள் ஆராய்வர். இது மெய்யான அழைப்பா, வெறும் ஊர்சுற்றும் ஆசையா என வினவுவர். வாக்கெடுப்பு இல்லாமல், எல்லாரும் இசைந்த பின்னரே இசைவு தரப்படும். 1866இல் றேச்சல் மெற்காவ் என்னும் பெண்மணி இவ்வாறே இந்தியாவுக்கு வந்தார். 1896இல் இலங்கையிலும், மாத்தளைப் பகுதியில், குவேக்கர் சிறு அளவிற் பணி தொடங்கினர். கிழக்குக் கரை அதன் எல்லைக்குள் வரவில்லை.

தமிழகத்தில் இம்மரபின் சிறந்த பிரதிநிதியாக விளங்கியவர் மார்ஜரி சைக்ஸ். 1905இல் யோர்க்ஷயரின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒரு பாடசாலைத் தலைமையாசிரியரின் மகளாகப் பிறந்த அவர், பிறப்பாற் குவேக்கர் அல்லர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து நியூன்ஹம் கல்லூரியில் ஆங்கிலம் கற்று முதல் வகுப்பிற் தேறினார். உள்நாட்டிலேயே நல்ல பதவியில் அமர்ந்திருக்கக்கூடிய அவர் 1928இல் சென்னைக்குக் கப்பலேறினார். வேப்பேரியில் லண்டன் மிஷன் நடத்திய பென்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளியே அவர் ஆசிரியப் பணி தொடங்கிய இடம்.

மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் தமிழ் கற்றேயாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை; வேலைக்காரரோடு பேச நாலு சொற்கள் போதும் எனக் கருதிய ஐரோப்பியர் பலர். சைக்ஸ் முறையாகத் தமிழ் பயின்று சரளமாகப் பேசும் நிலையை அடைந்தார். மொழியைக் கற்றவுடன் அவர் கண்ட சென்னையும் வேறாயிற்று. அது உப்புச் சத்தியாக்கிரகத்தின் காலம். இராஜாஜியின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. அவர் வழியாகக் காந்தியடிகளின் சிந்தனைகளில் ஈடுபாடு வளர்ந்தது. தம் நாட்டவரின் ஆட்சியை எதிர்த்து நின்றோரின் வாதத்தை அவர்கள் மொழியிலேயே கேட்டுணர்ந்த ஆங்கிலப் பெண் அவர். பல சமயத்துப் பெண் பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ் கற்ற அப்பள்ளியில் சாதிவேற்றுமையும் உடலுழைப்பை இழிவாகக் கருதும் மனப்பான்மையும் கல்வியாலேயே களையப்பட வேண்டியவை என்பது அவர் துணிபு. 1936இல் சென்னையில் பணியாற்றிய காலத்திலேயே அவர் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். குவேக்கராக வந்து தமிழ்நாட்டில் தொண்டாற்றியவர் என்று அவரைக் கூறுவோர் இவ்வரிசையைக் கவனிப்பதில்லை. கற்பிக்க வந்த நாட்டிலேயே அவர் தம் நெறியைக் கண்டடைந்தார்.

1939இல் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனம் சென்றார். அங்கே வங்கமொழி கற்று, தாகூரின் எழுத்துக்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1949 முதல் 1959 வரை சேவாக்கிராமத்தில் ஆதாரக்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் பொறுப்பை வகித்தார். இந்தியா விடுதலை பெற்றபின் இந்தியக் குடியுரிமையையும் ஏற்றுக்கொண்டார். ஆதாரக்கல்வித் திட்டத்தின் மூல அறிக்கையை வரைந்த குழுவின் தலைவர் ஸாக்கிர் ஹுசைன் என்னும் முஸ்லிம் கல்விமான் என்பதும், தாய்மொழியே கற்பித்தல் மொழி, கைத்தொழிலே கல்வியின் மையம் என்பன அதன் இரு தூண்கள் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அத்தகைய பாடசாலை வாய்த்திருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என எண்ணாதிருத்தல் இயலாது.

சேவாக்கிராமத்தில் சைக்ஸோடு பணியாற்றிய இன்னொருவர் இலங்கையர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், தாகூருக்குச் செயலாளராக இருந்து அவருடைய வெளிநாட்டுப் பயணத்திலும் உடன் சென்றவர். பின்னர்க் காந்தியடிகளின் அழைப்பால் ஆதாரக்கல்விச் சங்கத்தின் செயலாளரானார். வங்காளப் பெண்ணான ஆஷா தேவி அவர் மனைவி. மத்திய இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, யாழ்ப்பாணத்தவரும் வங்காளியும் ஆங்கிலப் பெண்ணும் ஆகிய மூவரும் அயலாரே. வெளியிலிருந்து வந்து கற்பிப்பவர் எப்போதும் வெள்ளையராகவே இருப்பர் என்னும் எண்ணம் எமது வரலாற்று நூல்களில் ஊறிப்போயிருப்பதால் ஆரியநாயகத்தின் பெயர் அவர் பிறந்த நாட்டிலேயே அதிகம் வழங்குவதில்லை.

கல்முனைக்கும் இவ்வாறே வெளியிலிருந்து ஒருவர் வந்தார். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா வீழ்ந்ததனால் அரிசி வரவு நின்றது. நெல் உற்பத்தியைப் பெருக்குவது உயிர்ப் பிரச்சினையாயிற்று. வயல்வளம் மிக்க கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். சைவரின் பாடசாலையில் முஸ்லிமாகவே கற்று முஸ்லிமாகவே வெளிவந்த அனுபவம் அவருக்குண்டு. பாடசாலை வேறு, மதமாற்றம் வேறு என்பதை அவர் ஏட்டிலிருந்து அறிந்தவரல்லர்.

அவர் நெல்லைக் கணக்கிட வந்தவர். ஆயினும் பிள்ளைகளையும் கண்டார். நிலமும் நெல்லும் உள்ள குடும்பங்களிற்கூட உயர்வகுப்பை எட்டியோர் மிக அரிதாக இருந்தனர். எட்டக்கூடியோரிடம் வெளியூர் சென்று கற்கப் பணமில்லை. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. ஊர்ப் பெரியோரும் வசதியுள்ளோரும் தம் பணத்தை ஈந்து தம் பிள்ளைகளைத் தாமே படிப்பிக்கும் ஏற்பாடு அது. அயல்நாட்டார் எவரும் அதற்கு நன்கொடை அனுப்பவில்லை. எவருடைய வேதமும் அதன் நிபந்தனையாக இருக்கவில்லை. வேதபாடத்தைக் காட்டிப் பிள்ளையை மறித்து வைத்திருந்த தந்தைக்கு இனி அச்சாட்டு இல்லாமற் போயிற்று. இதனையே முன்மாதிரியாகக் கொண்டு 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நாடு முழுவதற்குமாக அஸீஸ் நிறுவினார். கல்முனையில் ஓர் ஊரின் தேவைக்காக எழுந்தது தீவு முழுவதற்கும் நிழல் தந்தது. இக்காலத்தே விபுலாநந்த அடிகளோடு அவருக்கிருந்த நட்பும் நினைக்கத்தக்கது. கல்முனை மிஷன் பாடசாலையிற் கற்ற சைவத் துறவியும், இந்துக் கல்லூரியிற் கற்ற முஸ்லிம் அதிகாரியும் ஒரே கரையின் கல்வியைப் பற்றிக் கவலைப்பட்டனர்.

1948இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். 1961 வரை அப்பதவியில் இருந்தார். அதிகாரமும் ஓய்வூதியமும் தரும் உத்தியோகத்தை விட்டு ஆசிரியத் தொழிலை ஏற்பது இந்நாட்டில் அன்றும் இன்றும் அரிது. அவர் காலத்து ஸாஹிறாவில் முஸ்லிமல்லாதாரும் பயின்றனர், கா. சிவத்தம்பி அங்கு மாணவராக இருந்து பின்னர் ஆசிரியராகவும் கடமையாற்றினார். முஸ்லிம்களின் பாடசாலையிற் சைவ மாணவன் தன் சமயத்தை இழக்காமற் கற்க முடிந்தது. இந்துக் கல்லூரியில் தாம் பெற்றதை அஸீஸ் இங்கு திருப்பிக் கொடுத்தார்.

இதற்கிடையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1949இல் கல்முனை ஸாஹிறா தோன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் உடைமையாயின. கல்முனையில் வெஸ்லியின் பெயர் பாடசாலையின் வாயிலில் நிலைத்திருந்தது. வேதபாடத்தைப் பற்றிய பழைய அச்சம் அகன்றது. அதற்கு முன்னரே முஸ்லிம் மாணவர் சிலர் அங்கு கற்கத் தொடங்கியிருந்தனர் என்பதையும் கூறாது விடுதல் நீதியன்று.

சைக்ஸ் பிற்காலத்தில் நீலகிரியில் கோத்தகிரியிலும் பின்னர் ஹோஷங்காபாத் அருகே ரசூலியாவிலுள்ள நண்பர் கிராமிய நிலையத்திலும் வாழ்ந்தார். இந்தியாவிற் குவேக்கர் பணியைப் பற்றி 1980இல் அவர் எழுதிய நூலுக்கு, மறக்கப்பட்ட ஒரு நூற்றாண்டு எனப் பொருள்படும் துணைத்தலைப்பை இட்டார். தம் முன்னோரின் பணியைப் புகழ்ந்து எழுதும் மரபுக்கு மாறாக, மதமாற்றத்தில் அவர்கள் காட்டிய வேகத்தையும் உள்ளூராரோடு சமமாக வாழத் தவறிய இடங்களையும் அதில் மறைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் இங்கிலாந்தில் அவர் காலமானார்.

2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் கடல் இக்கரைமீது ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் முற்றாக அழிந்தன. ஒரு நூற்றாண்டில் வந்திராத எண்ணிக்கையில் அயல்நாட்டார் தொண்டுக்கென வந்திறங்கினர். பலரிடம் நல்ல மனம் இருந்தது, பொருளும் இருந்தது. சென்னையில் சைக்ஸ் பதினோராண்டு தங்கித் தமிழ் கற்றார். இவர்களிற் பலருக்குச் சில வாரங்களே கிடைத்தன. தாயை இழந்த பிள்ளை சொல்வதை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. முகாம்களாக மாறிய பாடசாலைகளில் மீண்டும் வகுப்புக்கள் தொடங்கியபோது கரும்பலகையின் முன் நின்றவர்கள் அவ்வூர் ஆசிரியர்கள். அவர்களிற் பலர் தாமும் உற்றாரை அடக்கஞ்செய்துவிட்டு வந்தவர்கள்.